அவர் நாளையே விலகினால் எது மாறும்?

கேள்வி: அன்புள்ள அம்மா, ஆட்சியில் இருக்கும் தலைவரின் குரலைக் கேட்டாலே எனக்குத் தலைவலி வந்துவிடுகிறது. போன தேர்தலில் அவருடைய கட்சிக்குத்தான் வாக்களித்தேன். அதுதான் கூடுதல் எரிச்சல். சொன்னது எதையும் செய்யவில்லை. விலைவாசி பற்றிக் கேட்டால் முந்தைய ஆட்சியைக் கைகாட்டுகிறார். கேள்வி கேட்கும் நிருபர்களை ஏளனம் செய்கிறார். அடுத்த தேர்தலுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. எதிர்க்கட்சியும் உருப்படியாக இல்லை. தூங்கப் போகும்வரை செய்திகளைப் பார்த்துப் பார்த்துக் கொதிக்கிறேன். என் அண்ணன் அந்தக் கட்சியின் தீவிர ஆதரவாளர். சில மாதங்களாக எங்களுக்குள் பேச்சே இல்லை. “யார் வந்தாலும் இதே கதைதான், நீ ஏன் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாய்?” என்கிறார் கணவர். அவர் சொல்வதுதான் சரியோ என்று தோன்றுகிறது. இனி வாக்களிக்கவே போகாமல் இருந்துவிடலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி. கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் அனுப்பிய முழுக் கடிதத்தில் பெரும்பகுதி அந்தத் தலைவரின் சிரிப்பு, உடை, மேடையில் கையை ஆட்டும் விதம் பற்றியது. விலைவாசிக்கு ஒரு பத்தி. நிறைவேறாத வாக்குறுதிகளுக்கு இரண்டே வரி. எந்த வாக்குறுதிகள் என்றுகூட நீங்கள் எழுதவில்லை. கோபப்படாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வரி கட்டுகிறவருக்கும் வாக்களித்தவருக்கும் கோபப்பட முழு உரிமை உண்டு. ஆனால் உங்கள் கோபம் ஆளின் மேல் நிற்கிறது, அவர் செய்த காரியத்தின் மேல் நிற்கவில்லை. அதனால்தான் அது வெளியே எங்கும் போகாமல் உங்கள் தூக்கத்தைத் தின்கிறது.

ஒரு கேள்வி கேட்கிறேன். நாளைக் காலையில் அவர் பதவி விலகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் உங்கள் வீட்டில் எது மாறியிருக்கும்? தொலைக்காட்சியில் அந்த முகம் வராது. வேறு என்ன?

இதற்கு உங்களால் பதில் சொல்ல முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பலரால் முடிவதில்லை. நாடு நாடாக மக்கள் இதில்தான் ஏமாந்திருக்கிறார்கள்.

கனடாவில் 1991 ஜனவரியில் பிரதமர் பிரையன் மல்ரோனியின் அரசு பொருட்கள், சேவைகள் மீது 7 சதவீத வரியைக் கொண்டுவந்தது. அதற்கு முன் இருந்த வரி உற்பத்தியாளரிடம் வசூலிக்கப்பட்டதால் வாங்குகிறவர் கண்ணில் படவில்லை. புதிய வரி ஒவ்வொரு ரசீதிலும் தெரிந்தது. மக்கள் கொதித்தார்கள். பொருளாதாரத் தேக்கமும் சேர்ந்துகொண்டது. மல்ரோனி 1993இல் விலகி, கிம் கேம்பல் பிரதமரானார், கட்சி தப்பவில்லை. 1988 தேர்தலில் 169 இடங்களை வென்றிருந்த அதே கட்சி, 1993 அக்டோபரில் வென்றது வெறும் 2. கேம்பல் தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். ஒரு ஆளுங்கட்சிக்கு இதைவிடப் பெரிய தண்டனையை மக்களாட்சியில் யாரும் கொடுத்துவிட முடியாது.

அந்த வரி என்ன ஆயிற்று? மாற்றுகிறோம் என்று வாக்குறுதி கொடுத்து வந்த லிபரல் கட்சி அதை அப்படியே வைத்துக்கொண்டது. பின்னால் 2006இலும் 2008இலும் இன்னொரு அரசு விகிதத்தை 5 சதவீதமாகக் குறைத்தது. வரி இன்றும் இருக்கிறது. மக்கள் ஆளை விரட்டினார்கள். எந்தக் காரியத்துக்காக விரட்டினார்களோ அது கல்லுப்பிள்ளையார் போல உட்கார்ந்திருக்கிறது.

அதே காலத்தில் பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். வீட்டின் மதிப்பை வைத்து வசூலித்துவந்த உள்ளாட்சி வரியை எடுத்துவிட்டு, வயது வந்த ஒவ்வொருவர் மீதும் தலைவரி போட்டார் பிரதமர் மார்கரெட் தாட்சர். ஸ்காட்லாந்தில் 1989இல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990இல். லட்சக்கணக்கானவர்கள் கட்ட மறுத்தார்கள். 1990 மார்ச் 31 அன்று லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் போராட்டம் கலவரமானது. ஆனால் தாட்சரை இறக்கியது கலவரமா, எதிர்க்கட்சியா? இரண்டும் இல்லை. அந்த ஆண்டு நடந்த இடைத்தேர்தல்களில் அவருடைய கட்சி அசைக்க முடியாது என்று நினைத்திருந்த மிட் ஸ்டாஃபோர்ட்ஷயரையும் ஈஸ்ட்போர்னையும் இழந்தது. சொந்தக் கட்சி உறுப்பினர்களுக்கு உதறல் எடுத்தது. நவம்பரில் நடந்த கட்சித் தலைமைக்கான வாக்கெடுப்பில் தாட்சர் 204, எதிர்த்து நின்ற மைக்கேல் ஹெசல்டைன் 152. முன்னிலை தாட்சருக்குத்தான், ஆனால் முதல் சுற்றிலேயே முடிக்கத் தேவையான வித்தியாசத்துக்கு நான்கு வாக்குகள் குறைந்தன. இரண்டு நாட்களில் விலகுவதாக அறிவித்தார்.

அடுத்து வந்த ஜான் மேஜர் அதே கட்சிக்காரர். 1992 தேர்தலில் அதே கட்சியை வெல்லவும் வைத்தார். ஆனால் 1993இல் தலைவரி போய், வீட்டின் மதிப்பைக் கணக்கில் கொள்ளும் வேறு வரி வந்தது. இங்கே கட்சி நின்றது, காரியம் போனது. கனடாக்காரர்களின் கோபம் இதைவிடச் சின்னதில்லை. ஆனால் பிரிட்டனில் ஒரே ஒரு காரியத்தின் மேல் அது விடாமல் உட்கார்ந்திருந்தது.

ஆகவே உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், “யார் வந்தாலும் இதே கதைதான்” என்பது உண்மை இல்லை என்று. இந்த வாசகத்தின் மேல் எனக்கு உங்கள் தலைவர் மேல் உள்ளதைவிட எரிச்சல் அதிகம். கேட்க ஞானம் மாதிரி இருக்கும். நடைமுறையில் ஆளுகிறவருக்கு இதைவிட வசதியான குடிமகன் கிடைக்க மாட்டான். உங்கள் உடம்பைப் பற்றி அவர் சொல்வதில் மட்டும் நியாயம் இருக்கிறது.

இனி உங்களுக்கான வேலை. ஒரு தாளில் உங்களை வருத்துகிறவற்றை எழுதுங்கள். அவருடைய சிரிப்பை எழுதாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இது யார் கையில் இருக்கிறது என்று குறியுங்கள். சில உண்மையிலேயே அவர் கையெழுத்தில் நடந்தவையாக இருக்கும். சில உங்கள் உள்ளாட்சி மன்றத்தின் வேலையாக இருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர் எதிர்க்கட்சிக்காரராகக்கூட இருக்கலாம். சில எந்த அரசின் கையிலும் இல்லாதவை. உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறும்போது எல்லா நாட்டுத் தலைவர்களும் ஒரே வாரத்தில் கெட்டவர்களாகிவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஹாரி ட்ரூமனின் ஆதரவு 1952 பிப்ரவரி காலப் கருத்துக்கணிப்பில் 22 சதவீதத்துக்கு இறங்கியது. இன்று வரலாற்றாசிரியர்கள் அவரை நல்ல அதிபர்களின் வரிசையில் வைக்கிறார்கள். உங்கள் தலைவரும் ட்ரூமன்தான் என்று சொல்லவில்லை. செல்வாக்கு இழந்தவர் செய்ததெல்லாம் தவறாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், அவ்வளவே.

பட்டியலில் அவர் கையில் இருப்பவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். அதை எழுதி உங்கள் தொகுதியின் ஆளுங்கட்சி உறுப்பினருக்கு அனுப்புங்கள். தலைவருக்கு எழுதாதீர்கள், அவர் அலுவலகத்தில் அது மூட்டையோடு மூட்டையாகப் போய்விடும். எதிர்க்கட்சிக் கூட்டத்தில் போய்க் கத்தாதீர்கள். எந்தத் தலைவருக்கும் அது பயம் தருவதில்லை, பல சமயம் தீனியாகிவிடுகிறது. ஆளுங்கட்சி உறுப்பினருக்குத்தான் அடுத்த தேர்தல் நினைப்பு எப்போதும் இருக்கும். முதல் வரியிலேயே “போன தேர்தலில் உங்களுக்கு வாக்களித்தவள் நான்” என்று தொடங்குங்கள். எரிச்சலாக இருக்கிறது என்றீர்களே, உங்கள் கையில் இருக்கும் ஒரே சீட்டு அதுதான். என்றுமே அவருக்கு வாக்களிக்காதவரின் திட்டைவிட, போன முறை வாக்களித்து இப்போது தயங்குகிறவரின் ஒரு பக்கக் கடிதம் அவரைக் கலக்கும். என்ன நடந்தது, என்ன மாற வேண்டும், எந்தத் தேதிக்குள் பதில் எதிர்பார்க்கிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். வசவு வேண்டாம். இதே குறை உள்ள நாலைந்து பேரின் கையெழுத்தும் இருந்தால் நல்லது. பதில் வராவிட்டால் நேரில் போங்கள். அவையில் இதைக் கேள்வியாக எழுப்புவீர்களா, மாட்டீர்களா என்று முகத்துக்கு நேரே கேளுங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தேர்தலையே தள்ளிப்போடுகிறார், நீதிபதிகளை மிரட்டுகிறார், நிருபர்களைச் சிறையில் அடைக்கிறார் என்றால் ஆள்தான் பிரச்சினை. அங்கே ஆளை மாற்றுவதே முதல் காரியம். நிருபர்களை ஏளனம் செய்வது சிறுமை, ஆனால் அது இன்னும் அந்த எல்லைக்கு வரவில்லை. கவனித்துக்கொண்டே இருங்கள். அந்த எல்லையைத் தாண்டிய சிலியிலும்கூட வெறுப்பு மட்டும் போதவில்லை. ராணுவ ஆட்சியாளர் பினோசே தொடர வேண்டுமா என்று 1988 அக்டோபர் 5 அன்று வாக்கெடுப்பு நடந்தது. எதிர்ப்பாளர்களுக்குத் தொலைக்காட்சியில் இரவு நேரத்தில் 15 நிமிடம் கிடைத்தது. கொடுமைகளை மட்டும் அடுக்காமல், அவர் போனபின் வாழ்க்கை எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும் என்று காட்டினார்கள். கொடுமைகளை அனுபவித்தவர்களில் சிலருக்கே அது பிடிக்கவில்லை. ஏறத்தாழ 56 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள்.

எதிர்க்கட்சி உருப்படியாக இல்லை என்கிறீர்கள். அந்தக் கவலை நியாயமானது. 1977இல் இந்திரா காந்தியை அவருடைய தொகுதியிலேயே தோற்கடித்த நாடு, ஜனதா அரசு உள்சண்டையில் கவிழ்ந்தபின் 1980 ஜனவரியில் 353 இடங்களோடு அவரைத் திரும்ப அழைத்தது. ஒருவரை எதிர்ப்பதில் ஒன்றுசேர்ந்தவர்கள், அடுத்து என்ன என்பதில் சேர முடியவில்லை. ஜெர்மானியர்கள் இதை 1949இலேயே அரசியல் சட்டத்தில் எழுதிவைத்துவிட்டார்கள்: அடுத்தவர் யார் என்று பெரும்பான்மையோர் உடன்படாமல், இருக்கிற பிரதமரை நாடாளுமன்றம் இறக்க முடியாது. இத்தனை ஆண்டுகளில் அது ஒரே ஒரு முறை, 1982இல், வெற்றி பெற்றது. ஆகவே எதிர்க்கட்சி வேட்பாளர் உங்கள் வாசலுக்கு வரும்போது ஆளுங்கட்சியை அவர் திட்டுவதைக் கேட்டு மகிழாதீர்கள். உங்கள் பட்டியலில் உள்ள அந்த ஒரு காரியத்தை அவர் என்ன செய்வார் என்று கேளுங்கள். இப்போதே கேட்கத் தொடங்கினால் அவர்களும் கொஞ்சம் உருப்படுவார்கள்.

வாக்களிக்காமல் இருப்பதா? வேண்டாம். வெறுத்துப்போனவர்கள் வீட்டில் இருந்தால் விசுவாசிகள் மட்டும் வரிசையில் நிற்பார்கள். அவர்களில் உங்கள் அண்ணனும் ஒருவர். இந்தியாவில் 2013இல் வந்த, ‘இவர்களில் யாருக்கும் இல்லை’ என்று வாக்களிக்கும் நோட்டாகூட, அதற்கே அதிக வாக்குகள் விழுந்தாலும் அடுத்து வந்த வேட்பாளரை நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ போகவிடாமல் தடுப்பதில்லை.

செய்திகளை நாளுக்கு ஒரு வேளை பாருங்கள், அதுவும் பகலில்.

கடைசியாக அண்ணன். தன் மூத்த மகளுக்கு வேலை கிடைத்ததைக்கூட அவர் உங்களிடம் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்களே அழைத்து அதைப் பற்றி மட்டும் பேசுங்கள். அரசியல் வந்தே தீரும். வரும்போது தலைவரின் பெயரை எடுக்காதீர்கள். அந்தக் கட்சி செய்ததில் அண்ணனுக்கே பிடிக்காதது எது என்று கேட்டுவிட்டு, முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். எந்தத் தொண்டருக்கும் மனதில் அப்படி ஒன்றிரண்டு இருக்கும். எதிராளி தாக்கும்போது மறைத்துக்கொள்வார்கள், தங்கை கேட்டால் சொல்லக்கூடும். உங்கள் பட்டியலில் இருப்பது எதுவும் அதில் வந்தால் அந்தக் கடிதத்தில் அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். கட்சிக்காரரின் கையெழுத்தோடு வரும் மனுவை அந்த உறுப்பினரால் ஒதுக்கிவைக்க முடியாது.