மலைக்கு வெளிக்கிட முதல் காத்தைப் பாருங்கோ: திருமலை ஆக்களுக்கு ஒரு கேள்வி பதில்

19 வருசமா திருகோணமலையில இருந்து நுவரெலியா, எல்ல, அட்டன் எண்டு வேன் ஹயர் ஓடுறன். மலைப் பயணம் பற்றி என்ன எண்டாலும் கேளுங்கோ எண்டு சொல்லித்தான் வாயைக் குடுத்தன், கேள்வி குமிஞ்சு போச்சு. ஒரே மாதிரிக் கேட்டதுகளைச் சேர்த்துச் சொல்லுறன்.

ஆகஸ்ட் லீவுக்கு பிள்ளையளோட நுவரெலியா போக இருக்கம், மழை குழப்புமோ தம்பி? (உப்புவெளியில இருந்து ஒரு அக்கா)

குழப்பும் அக்கா. ஆகஸ்ட்ல எங்கட ஊரில அடிக்கிற கச்சான் காத்து தெரியும்தானே, அடுப்படியில நிண்ட மாதிரி முகம் எரியும், கொடியில போட்ட சாரம் அரை மணித்தியாலத்தில மொறமொறண்டு காயும். அந்தக் காத்து தென்மேற்கால கடல் ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து அட்டன் நுவரெலியாப் பக்க மலையில முட்டி, இருந்த மழையை எல்லாம் அங்கயே ஊத்திப்போட்டு வெறுங்கையோட இந்தப் பக்கம் இறங்குது, இறங்க இறங்கச் சூடாகுது, அதுதான் மே தொடக்கம் செப்டம்பர் மட்டும் அவைக்கு மழை எங்களுக்கு வெக்கை. ஆனபடியா ஆகஸ்ட்ல மலைக்கு அங்கால கிழக்குச் சரிவுக்குப் போங்கோ, பண்டாரவளை, எல்ல. எல்ல 1,041 மீற்றர்தான், நடுங்கிற குளிர் இல்லை, ஆனா இங்கத்தை வெக்கைக்கு அது போதும். நுவரெலியாதான் வேணும் எண்டு பிள்ளையள் அடம்பிடிச்சா பிப்ரவரி, மார்ச்ல ஒரு சனி ஞாயிறு பாருங்கோ. ஏப்ரல் சீசனுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீங்கோ, குதிரை ஓட்டம் பூக்கண்காட்சி எல்லாம் நல்லாத்தான் இருக்கும், ஆனா கிரகரி வாவியைச் சுத்தி வாகனம் நகராது, றூம் வாடகையும் ஏறிப்போயிருக்கும்.

ஹோட்டன் சமவெளியில இருக்கிற உலக முடிவு பள்ளத்தைப் பாக்க ரெண்டு தரம் போயும் வெள்ளை மதில் மாதிரி மூடுபனியைத்தான் கண்டம், என்ன பிழை? (மூதூர்)

எத்தினை மணிக்குப் போனீங்கள் எண்டு சொல்லல்ல, ஆனா எனக்குத் தெரியும், நுவரெலியாவில இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டுப்போட்டு ஆறுதலா வெளிக்கிட்டிருப்பீங்கள். ஹோட்டன் சமவெளி கேற் காலமை 6 மணிக்குத் திறக்கும், திறக்கக்குள்ள நீங்கள் அங்க நிக்க வேணும். 9, 10 மணிக்குப் பிறகு பள்ளத்தில இருந்து மேகம் ஏறிவரும், பிறகு ஒண்டும் தெரியாது. அந்த விளிம்பில இருந்து கீழ கிட்டத்தட்ட 870 மீற்றர் பள்ளம், வேலிக்கு அங்கால நிண்டு செல்பி எடுக்கிற ஆக்களைக் கண்டா எனக்கு வயித்தைக் கலக்கும். சுத்திவாற நடை 9 கிலோமீற்றர் வரும், பேக்கர் அருவியும் அந்த வழியிலதான். பொலித்தீன் உள்ள விடமாட்டினம், பிஸ்கட் பக்கற்றை உடைச்சு பேப்பர் பையில கொட்டித் தருவினம், தண்ணிப் போத்தல்ல ஒட்டின லேபலையும் உரிச்செடுப்பினம், அதுக்கு அவையோட சண்டைக்குப் போகாதீங்கோ. கேற்றடியில மரை நிக்கும், சாப்பாடு குடுக்காதீங்கோ.

மூதூர் ஆக்கள் எண்டபடியா ஒண்டு சொல்லுறன். ஹோட்டன் சமவெளிப் புல்லுக்குள்ள ஊறுற தண்ணியில ஒரு பங்கு மகாவலியில சேருது. 335 கிலோமீற்றர் ஓடிவந்து அந்தக் கங்கை விழுறது உங்கட கொட்டியார் குடாவிலதான். நீங்கள் வேனில ஒரு நாளில ஏறுற தூரத்தை அது வளைஞ்சு வளைஞ்சு இறங்கி வருது.

அம்மாவுக்கு பிரஷர், உயரத்தில மூச்சு முட்டுமோ?

மலை உயரத்தால வாற வருத்தம் எண்டு சொல்லுறது பொதுவா 2,500 மீற்றருக்கு மேலதான். நுவரெலியா 1,868, இலங்கையில ஆக உயர்ந்த பீதுறுதாலகால மலையே 2,524தான். ஏத்தத்தில நடந்தா கொஞ்சம் இளைக்கும், அவ்வளவுதான். ஆனா குளிருக்கு பிரஷர் கூடலாம், போக முதல் அம்மாவை டொக்டரிட்ட ஒருக்காக் காட்டுங்கோ, குளிசையை பெரிய பாக்குக்குள்ள அடைஞ்சு டிக்கிக்குள்ள போடாம கையில வைச்சிருங்கோ. உண்மையான கரைச்சல் நுவரெலியா ஏறுற வழியில றம்பொடை வளைவுகளில வாற சத்திதான், அம்மாவை முன் சீற்றில இருத்துங்கோ.

நுவரெலியாவில பங்களா எடுத்து நாங்களே சமைச்சம், சோறு அவியவே இல்லை, அரிசி பிழையோ?

அரிசி பாவம். அந்த உயரத்தில காத்தின்ர அழுத்தம் குறைவு, தண்ணி 94 பாகை அளவிலயே கொதிச்சிரும், அதுக்கு மேல சூடேறாது, நீங்கள் எவ்வளவு நெருப்பு வைச்சாலும் தண்ணிதான் வத்தும். பருப்பு இன்னும் மோசம். பிறஷர் குக்கர் கொண்டு போங்கோ. இங்க வாங்கின சிப்ஸ் பக்கற் அங்க போகக்குள்ள தலகாணி மாதிரி ஊதியிருக்கும், அதுக்கும் காரணம் இதுதான்.

றூம் எடுக்கக்குள்ள சுடுதண்ணி "இருக்கு" எண்டா நம்பாதீங்கோ, பைப்பைத் திறந்து கையை வைச்சுப் பாருங்கோ. ஒருக்கா எங்கட வீட்டாக்களோட போய் ஒரு இடத்தில காசைக் கட்டிப்போட்டுத் திறந்தா ஐஸ். "கன்னியா வெந்நீர்க் கிணத்தில ரெண்டு வாளி அள்ளிக்கொண்டு வந்திருக்கலாம்" எண்டு அம்மா முழு நாளும் சொல்லிக்கொண்டே இருந்தா.

எல்ல ரயிலில போக ஆசை, திருமலையில இருந்து எப்பிடி?

நேரா ரயில் இல்லை. நான் செய்யிறது, ஆக்களை நுவரெலியாவுக்குக் கிட்ட இருக்கிற நானுஓயா ஸ்டேஷனில ஏத்திவிட்டுப்போட்டு வெறும் வேனை எல்லவுக்கு ஓடிப்போய் ஸ்டேஷனில காத்துக்கொண்டு நிப்பன். வழியில பட்டிப்பொல வரும், இலங்கையில ஆக உயரத்தில இருக்கிற ஸ்டேஷன் அதுதான். எல்லவுக்குக் கிட்ட இருக்கிற ஒன்பது வளைவுப் பாலம் 1921ல கட்டி முடிச்சது, ரயிலுக்குள்ள இருந்தா அது வடிவாத் தெரியாது, இறங்கி நடந்து போய்த்தான் பார்க்க வேணும். 2025 நவம்பர் டித்வா புயலில மலையக ரயில் பாதை கன இடத்தில உடைஞ்சது, ஆனபடியா ரயில் எது மட்டும் ஓடுது எண்டு ஸ்டேஷனில கேட்டுப்போட்டு வெளிக்கிடுங்கோ.

சிவனொளிபாத மலைக்கு ஆகஸ்ட்ல ஏறலாமோ அண்ணே? (கிண்ணியாத் தம்பி)

ஏறாத தம்பி. சீசன் டிசம்பர் போயாவில (பௌர்ணமி) தொடங்கி மே மாச வெசாக்கோட முடியும். அதுக்குப் பிறகு படியில லைற் இல்லை, தேத்தண்ணிக் கடை இல்லை, மழையும் அட்டையும்தான் இருக்கும். 2,243 மீற்றர், ஆயிரக்கணக்கில படி, ஏறுறது இல்லை பிரச்சினை, இறங்கக்குள்ள முழங்கால் கதை சொல்லும்.

சொந்தக் கார், ஓட்டோ கியர், இறங்கக்குள்ள கருகின மணம் வந்தது.

பிரேக்கை மிதிச்சுக்கொண்டே இறங்கியிருக்கிறியள். ஏறின கியரிலயே இறங்க வேணும் எண்டு எனக்கு வேன் பழக்கின பெரியவர் சொல்லுவார். உங்கட கியர் லீவரில L எண்டு ஒரு எழுத்து சும்மா கிடக்கு, அதில போடுங்கோ. மணம் வந்தா ஓரங்கட்டி அரை மணித்தியாலம் நில்லுங்கோ, சூடான சில்லில தண்ணி ஊத்தாதீங்கோ.

எத்தினை மணிக்கு வெளிக்கிட வேணும்?

காலமை 5 மணி. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, கண்டி, கம்பளை எண்டு போய்ச் சேர மத்தியானம் தாண்டும். திரும்பி வரக்குள்ள 11 மணிக்கு முதல் நுவரெலியாவை விடுங்கோ. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில இருட்டினாப் பிறகு ரோட்டில யானை நிக்கும், லைற்றைக் குறைச்சு தூரத்தில நிண்டு அது போகுமட்டும் பாருங்கோ, ஹோர்ன் அடிக்காதீங்கோ.