நான் அழலையே

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

மடிப்பாக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறோம். ஜனவரி 1 கடைசி நாள். 650 சொல்லுக்குள் ஒரு கட்டுரை, அது மட்டும்தான் பாக்கி. 2015 வெள்ளத்தில் ஏழு வயதுப் பிள்ளையாக அவள் பட்ட பயத்தை உருக்கமாக எழுதினால் இடம் உறுதி என்கிறார் கன்சல்டன்ட். இவளோ, "நாம மாடியிலதானே இருந்தோம், எனக்குப் பயமாவே இல்லையேப்பா" என்று அடம் பிடிக்கிறாள். அரையாண்டுத் தேர்வு வேறு. நானே ஒரு வரைவு எழுதி இணைத்திருக்கிறேன். மெருகேற்றித் தர முடியுமா? உரிய தொகையை அனுப்பிவிடுகிறேன். நம் பிள்ளைகளின் ஆங்கிலத்தை அங்கே மதிப்பார்களா என்பதையும் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

இணைப்பை நான் திறக்கவில்லை. திறக்கப்போவதும் இல்லை. விண்ணப்பத்தின் கடைசியில் 'இதில் உள்ளதெல்லாம் என் சொந்த எழுத்து' என்று உறுதி கூறிக் கையெழுத்துப் போடப்போவது உங்கள் மகள். பதினேழு வயதில், வாழ்க்கையின் முதல் பெரிய கையெழுத்தைப் பொய்யின் கீழ் போட வைக்கிறீர்கள். அப்பாவாக இருந்து இதைச் செய்யலாமா?

ஆங்கிலம் பற்றிய கவலையை விடுங்கள். அவள் பேசுகிற ஆங்கிலம் போதும்.

பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கும் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பத்தில், கட்டுரைக்கு ஏழு தலைப்புகள் இருக்கின்றன. ஒன்றுதான் தடையையும் தோல்வியையும் கேட்கிறது. யாரோ செய்த ஓர் உதவிக்கான நன்றியை இன்னொன்று கேட்கிறது. நேரம் போவதே தெரியாமல் மூழ்கிப்போகும் விஷயம் எது என்றும் ஒரு தலைப்பு. ஏழாவது, எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம் என்பது. இத்தனை கதவு திறந்திருக்க, அழுகைக் கதவு மட்டும் நம் கண்ணில் படுவது ஏன்?

கன்சல்டன்டை மட்டும் திட்டமாட்டேன். நாம் வளர்த்த விதம் அப்படி. இங்கே பொறியியலுக்கு கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200க்குக் கட்-ஆஃப். பொறியியலுக்கு நுழைவுத் தேர்வை நீக்கியதை நான் இன்றும் ஆதரிக்கிறேன். அது வேறு பேச்சு. ஆனால் பன்னிரண்டு வருஷப் படிப்பில் 'நீ யார், என்ன நினைக்கிறாய்' என்று ஒருவரும் கேட்டதில்லை. பிள்ளை தன்னைப் பற்றி எழுதியது ஒன்றே ஒன்றுதான்: லீவ் லெட்டர். ஊர்த் திருவிழாவுக்குப் போனாலும் காய்ச்சல், சித்தப்பா கல்யாணத்துக்குப் போனாலும் காய்ச்சல். 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடியும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது நாம். உண்மையைச் சொன்னால் கிடைக்காது, பரிதாபமாகச் சொன்னால் கிடைக்கும் என்பதை மூன்றாம் வகுப்பிலேயே கற்பித்துவிடுகிறோம்.

என் அப்பா மனு எழுதுகிறவர். சைதாப்பேட்டையில் ஓர் அரசு அலுவலக வாசலில், வேப்ப மரத்தடியில் அவருடைய மடக்கு மேசை. எழுபதுகளின் கடைசி. பள்ளி விடுமுறை நாட்களில் மதியச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. ஒருநாள் ஓர் அம்மாள் விதவை உதவித்தொகைக்கு மனு எழுத வந்திருந்தார். அப்பாவுக்கு அந்த மனு மனப்பாடம். 'ஆதரவற்ற நிலையில் கண்ணீருடன் தங்கள் பாதம் பணிந்து' என்று கை தன்பாட்டுக்கு ஓடும். முடித்துவிட்டு ரேகை வைக்கச் சொன்னார். அந்த அம்மாள் கையை நீட்டவில்லை. "படிச்சுக் காட்டு சாமி" என்றார். படித்தார்.

"நான் அழலையே" என்றார் அந்த அம்மாள். "அவரு போயி ரெண்டு வருசமாச்சு. இட்லி சுட்டு ரெண்டு புள்ளைங்கள வளக்கறேன். கால் வீங்கிப்போச்சு, அடுப்படியில நிக்க முடியல. அதான் கேக்க வந்தேன். அதை எழுது."

அப்பா அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தார். இட்லி, கால் வீக்கம், எத்தனை மணிக்கு எழுந்து மாவு எடுப்பார், எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எழுதினார். எனக்குப் பசி. சாப்பாட்டுத் தூக்கு பிரிக்கப்படாமல் மேசைக்கு அடியில் கிடந்தது. அதற்குப் பிறகு, படித்துக் காட்டாமல் அவர் யாரிடமும் ரேகை வாங்கி நான் பார்த்ததில்லை.

எழுதத் தெரியாதவர்களுக்காக என் அப்பா எழுதினார். உங்கள் மகளுக்கு எழுதத் தெரியும். 'எனக்குப் பயமாவே இல்லை' என்று அந்த அம்மாளைப் போலவே நிமிர்ந்து சொல்லியும் இருக்கிறாள். அதை அடம் என்கிறீர்களே, எனக்கு ஆத்திரமாக வருகிறது. தெருவில் படகு போனபோது மாடியிலிருந்து பார்த்த ஏழு வயதுக்காரி என்ன பார்த்தாள் என்று பத்து வருஷத்தில் ஒருமுறையாவது கேட்டீர்களா? அவள் வெள்ளத்தைப் பற்றி எழுத வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. நீங்கள் எழுதியதை அழித்துவிட்டு லேப்டாப்பை அவளிடம் கொடுங்கள். தேர்வு முடியட்டும். கடைசி வாரம் இருக்கிறது, 650 சொல்லுக்கு அது தாராளம். முடித்ததும் உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். 'இங்கே கொஞ்சம் உருக்கமா' என்று வாய் திறக்காதீர்கள். குழந்தை பாவம், களைத்திருப்பாள். ஒரு காபி போட்டுக் கொடுங்கள்.

தொகை பற்றி எழுதியிருந்தீர்கள். அப்பா ஒரு மனுவுக்கு ஒன்றரை ரூபாய் வாங்குவார். அன்றைக்கு அந்த அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எண்ணி மேசையில் வைத்தார். அப்பா வாங்கிக்கொண்டார். கிழித்த தாளுக்கு மட்டும் கேட்கவில்லை.

அன்புடன்.