மறதி மாத்திரையும் பூச்சிமருந்தும் ஒன்றா?

கேள்வி: எங்கள் அப்பத்தாவுக்கு வயது 79. மறதி நோய்க்கு டோனெபெசில் 5 மி.கி. எடுத்துவந்தார். போன வாரம் டாக்டர் 10 ஆக்கினார். அதிலிருந்து பேதி, வயிற்றைப் பிசைகிறது என்கிறார். வயிற்றுப் பிடிப்புக்குக் கடையில் டைசைக்ளோமின் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். இப்போது ஆளே குழம்பிப் பேசுகிறார். டோனெபெசில் பூச்சிமருந்து மாதிரி வேலை செய்வது என்று உரக்கடையில் பயமுறுத்துகிறார்கள். நிறுத்திவிடலாமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: உரக்கடையில் சொன்னது பாதி உண்மை. நரம்பு முனையில் சுரந்து சேதி கடத்தும் அசிட்டைல்கொலின் என்ற வேதிப்பொருளை, சேதி சேர்ந்த கையோடு உடைத்துப்போடுவது அசிட்டைல்கொலினெஸ்டரேஸ் என்ற நொதி. இரண்டுமே அந்த நொதியைத்தான் தடுக்கின்றன. ஆனால் டோனெபெசில் ஒட்டும், தானே விலகும். குளோர்பைரிபாஸ், புரொபெனோபாஸ் வகைப் பூச்சிமருந்துகளோ நொதியோடு வேதிப்பிணைப்பாகவே இறுகிவிடும். நேரம் போகப்போக அந்தப் பிடி விடவே விடாது. உடம்பு புது நொதி செய்துகொண்டால்தான் உண்டு.

மறதி நோயில் அசிட்டைல்கொலின் வற்றுகிறது. இருப்பதைக் கொஞ்சம் கூடுதல் நேரம் தங்கவைக்கத்தான் இந்த மாத்திரை. அது மூளையோடு நிற்பதில்லை. குடலில் கூடினால் பேதி, இதயத்தில் கூடினால் நாடி தளரும். டோஸ் ஏற்றிய புதிதில் பேதி சகஜம்.

டைசைக்ளோமின்தான் இங்கே வில்லங்கம். அது அசிட்டைல்கொலினின் வேலையை மறிப்பது. இந்தக் கையால் கொடுத்ததை அந்தக் கையால் பிடுங்குகிற கதை. வயதானவர்களுக்கு அதுவே குழப்பம் உண்டாக்கும். இனி கொடுக்காதீர்கள். சிறுநீரை அடக்க ஆக்ஸிபியூட்டினின், நடுக்கத்துக்கு டிரைஹெக்ஸிபெனிடில், சளிக்குக் குளோர்பெனிரமின் எல்லாம் அதே ரகம்தான்.

டோனெபெசிலை நிறுத்துவதா, 5-க்கு இறக்குவதா என்பதை டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும். ஆனால் இன்றே கேளுங்கள். பேதியில் நீர் வற்றினாலும் குழப்பம் வரும். அதுவரை ஓ.ஆர்.எஸ். கரைசலை வாய்வாயாகக் கொடுங்கள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல் வைத்து, முழுசாக 60 விநாடி நாடி எண்ணுங்கள். 50-க்குக் கீழே போனாலோ, கண் இருட்டி விழுந்தாலோ அடுத்த மாத்திரை கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரி. பிரஷருக்கோ இதயத்துக்கோ அட்டெனலால், மெட்டோப்ரொலால், டில்டியாசெம் ஏதாவது எடுக்கிறாரா என்று சீட்டில் பாருங்கள். அவையும் நாடியைத் தளர்த்தும். டோனெபெசில் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 70 மணி நேரம் ஆகும். அதனால் நிறுத்திய மறுநாளே தொல்லை தீர்ந்துவிடாது.

இரவில் கழிப்பறைக்குத் தனியே விடாதீர்கள். நம் வீடுகளில் உயர்ந்த நிலைப்படி, முற்றத்து விளிம்பு, ஈரம் பட்ட ஆத்தங்குடிக் கல் எல்லாம் தலைசுற்றும் ஆளுக்கு ஆபத்து. கெட்ட கனவு வந்து தூக்கம் கெட்டால், மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். ஏதாவது ஆபரேஷன் என்றால் மயக்க டாக்டரிடம் டோனெபெசில் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள்; தசையைத் தளர்த்தும் சக்சமெத்தோனியம் ஊசி போட்டால் அந்தத் தளர்ச்சி வழக்கத்தைவிட நீளலாம்.