பாட்டால் ஆறு தெளியுமா?

கேள்வி: எங்கள் வள்ளி கும்மிக் குழுவில் நொய்யலைப் பற்றிப் பாட்டுக் கட்டிப் பாடுகிறோம். ‘பாடினால் சாயத்தண்ணி தெளிஞ்சிருமா?’ என்று கேட்கிறார்கள். ஓர் ஆற்றுக்காகப் பாடிய அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகரின் பாட்டு உண்மையில் எதையாவது மாற்றியதா?
- வாசகி, சென்னிமலை

பதில்: மாற்றியது அம்மா, ஆனால் அவர் பாட்டோடு நின்றுவிடவில்லை. 1919-இல் நியூயார்க்கில் இசையறிஞர் ஒருவரின் மகனாகப் பிறந்த சீகர், ஹார்வர்டு படிப்பைப் பாதியில் விட்டு, ஐந்து தந்திகள் கொண்ட பாஞ்சோவைத் தோளில் மாட்டிக்கொண்டு, தொழிற்சங்கக் கூட்டங்களிலும் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டங்களிலும் வியட்நாம் போர் எதிர்ப்பு மேடைகளிலும் பாடியவர். நம் உடுக்கையைப் போலவே தோல் இழுத்துக் கட்டிய அந்த வாத்தியத்தின் முகத்தில், ‘இக்கருவி வெறுப்பைச் சூழ்ந்துகொண்டு சரணடைய வைக்கிறது’ என்னும் பொருள்பட ஒரு வரியை வட்டமாக எழுதி வைத்திருந்தார். தாம் மட்டும் பாடினால் அவருக்கு மனம் நிறையாது. அடுத்த அடியை உரக்கச் சொல்லிக்கொடுத்து, கூட்டம் முழுவதையும் பாட வைத்துவிடுவார். கும்மி ஆசிரியர் அடியெடுத்துக் கொடுக்க, வட்டத்தில் நிற்கும் நீங்கள் வாங்கிப் பாடுகிறீர்களே, ஏறக்குறைய அதே முறைதான்.

அவர் குடியிருந்த கரையை ஒட்டி ஓடிய ஹட்சன் ஆற்றில் ஆலைக்கழிவும் நகரச் சாக்கடையும் கலந்துகொண்டிருந்தன. கச்சேரிகள் நடத்திப் பணம் திரட்டி, நண்பர்களோடு சேர்ந்து 106 அடி நீளப் பாய்மரக் கப்பல் ஒன்றைக் கட்டுவித்து, ‘கிளியர்வாட்டர்’, அதாவது தெளிந்த நீர் என்று பெயரிட்டு, 1969-இல் மிதக்கவிட்டார். பள்ளிப் பிள்ளைகளை அதில் ஏற்றி, வலையில் சிக்கிய மீனைக் காட்டி, தண்ணீரைச் சோதித்துப் பார்க்கவும் கற்றுக்கொடுத்தார்கள். பாட்டுக்குக் கூடிய கூட்டம் ஆற்றைக் கண்ணால் கண்டது. கண்டவர்கள் சட்டம் கேட்டார்கள். 1972-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நீர்த்தூய்மைச் சட்டத்தை நிறைவேற்றியதற்கு முன்பு எழுந்த குரல்களில் இவர்களுடையதும் ஒன்று.

நம் பக்கத்தில், பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகிப் போனபோது, விவசாயிகள் நீதிமன்றப் படியேறிப் போராடித்தான், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும் உயர் நீதிமன்ற ஆணை பிறந்தது. அந்த வேலையைப் பாட்டால் செய்ய முடியாது. பாலத்தின் மேல் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகிறவரை ஆற்றுக்கு இறக்கிக் கூட்டி வருவது பாட்டால் ஆகும். முடிந்தால் அடுத்த அரங்கேற்றத்தைக் கோயில் திடலில் வைக்காமல் ஆற்றங்கரையிலேயே வையுங்கள்.

கேள்வி: இடதுசாரி என்பதற்காகச் சீகர் தண்டிக்கப்பட்டாரா?
- வாசகர், அவிநாசி

பதில்: இளமையில் பொதுவுடைமைக் கட்சியில் இருந்தவர் அவர். 1955-இல் நாடாளுமன்ற விசாரணைக் குழு அவருடைய அரசியல் தொடர்புகளைக் கேட்டபோது, எந்த அமெரிக்கரிடமும் கேட்கத் தகாத கேள்விகள் அவை என்று பதில் கூற மறுத்தார். 1961-இல் ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மறு ஆண்டே மேல்முறையீட்டில் அந்தத் தண்டனை ரத்தானது. ஆனாலும் பெரிய தொலைக்காட்சிகள் பல ஆண்டுகள் அவருக்குக் கதவடைத்தன. அவர் கல்லூரிகளுக்கும் பள்ளிகளுக்கும் சென்று பிள்ளைகளோடு பாடினார். 2009-இல் ஒபாமா பதவியேற்பை ஒட்டி வாஷிங்டனில் நடந்த விழாவுக்கு அழைத்தபோது அவருக்கு வயது 89. அங்கும் அடுத்த அடியை முன்கூட்டிச் சொல்லிக் கூட்டத்தைப் பாடவைத்தார்.