பீஸ் கோரில் இருந்தவருக்கு உளவுப் பிரிவு ஏன் கிடைப்பதில்லை?

அமெரிக்க ராணுவத்தில் சேர உங்களுக்குத் தடையில்லை. உளவுப் பிரிவு வேலை கிடையாது என்று ஆள் சேர்ப்பவர் சொன்னாரே, அதுதான் சிக்கல். கானாவில் இரண்டு வருடம் பீஸ் கோர் (வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் அமெரிக்க அரசு அமைப்பு) தன்னார்வலராக இருந்ததே அதற்குக் காரணமாக இருக்கும்.

உங்கள் மேல் சந்தேகம் என்று நினைக்காதீர்கள். பீஸ் கோர் 1961-இல் தொடங்கியதிலிருந்தே அதன் தன்னார்வலர்களைப் பற்றி ‘இவர்கள் ஒற்றர்கள்’ என்ற பேச்சு உண்டு. அங்கே இருந்தவர் உளவு வேலைக்குப் போனால் அந்தப் பேச்சுக்கு வலு கூடும். ஊர் அதை நம்பிவிட்டால், இப்போது அங்கே கிராமப் பள்ளியில் கணக்கு சொல்லித்தரும் தன்னார்வலருக்குத்தான் ஆபத்து. அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏகூட பீஸ் கோர் பணி முடிந்து 5 ஆண்டு வரை இவர்களை வேலைக்கு எடுப்பதில்லை.

ஆள் சேர்ப்பவரின் வாய்ப்பேச்சை விடுங்கள். நீங்கள் கேட்ட வேலையின் குறியீடு 35-இல் தொடங்குகிறதா பாருங்கள்; ராணுவ உளவுப் பிரிவு வேலைகளின் குறியீடு அப்படித்தான் தொடங்கும். அதற்கான தகுதி விதியை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். பீஸ் கோர் பணி முடித்த தேதிச் சான்றும் கையில் இருக்கட்டும்.

அப்புறம், விண்ணப்பத்தில் பீஸ் கோரில் இருந்ததை மறைத்துவிடாதீர்கள். பின்னணிச் சோதனையில் தெரிந்தால் வேறு பிரிவும் போய்விடும்.