பட்ஜெட் இழுபறியில் சம்பளம் வருமா? – கேள்வி பதில்

சிங்கப்பூர் அரசாங்கச் சம்பளப் பிரிவில் முப்பது வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். ‘அமெரிக்க மாநிலங்களில் பட்ஜெட் தகராறு வந்தால் ஊழியர் சம்பளத்தையே நிறுத்திவிடுவார்களாமே?’ என்று போன வாரம் ஒருவர் கேட்டார். தெரிந்ததைச் சொல்கிறேன் என்று வாய் கொடுத்துவிட்டேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஆரம்பத்திலேயே ஒன்று: மாநில அரசு வேறு, வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசு வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு கேட்காதீர்கள்.

செங்காங் அக்கா: மகள் கலிஃபோர்னியா மாநில அலுவலகத்தில் வேலை செய்கிறாள். ஜூலைக்குள் பட்ஜெட் நிறைவேறாவிட்டால் சம்பளம் கிடையாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: அக்கா, பெரும்பாலான மாநிலங்களுக்கு நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. அதற்குள் சட்டமன்றமும் ஆளுநரும் ஒத்துப்போகாவிட்டால், கஜானாவில் பணம் இருந்தாலும் அதை எடுக்க அனுமதி இருக்காது. ‘பட்ஜெட் இல்லாத நாளில் என்ன செய்வது’ என்று அந்த ஊர்ச் சட்டம் என்ன எழுதி வைத்திருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். யார் யாரோடு சண்டை என்பதெல்லாம் அப்புறம்.

கலிஃபோர்னியாவில் 2003இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் சாரம் இது: பட்ஜெட் இல்லாதபோது, மத்தியச் சட்டம் கட்டாயப்படுத்தும் குறைந்தபட்ச ஊதியத்தையும் மிகைநேர ஊதியத்தையும் தவிர முழுச் சம்பளம் தர அதிகாரம் இல்லை. மீதி பட்ஜெட் வந்தபிறகு. இதைப் பிடித்துக்கொண்டு 2008இல் ஆளுநர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் (ஆமாம், நம் நடிகர்தான்) சுமார் இரண்டு லட்சம் ஊழியருக்கு மணிக்கு 6.55 டாலர் மட்டும் கொடுங்கள் என்று உத்தரவு போட்டார். சம்பளக் காசோலையை எழுதும் மாநிலக் கணக்கு அதிகாரி ஜான் சியாங் முடியாது என்றுவிட்டார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, சம்பளக் கணினி கோபால் (COBOL) என்ற பழைய கணினி மொழியில் எழுதிய சரக்கு, மாற்ற ஆறு மாதமாவது ஆகும் என்பது.

பலரும் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பிரிவில் ஒருமுறை ஒரே ஒரு படித்தொகையின் விகிதம் மாறியது. மூன்று இரவு, கணினித் தாள்களைத் தரையில் பரப்பி, முழங்கால் போட்டு உட்கார்ந்து, சிவப்புப் பேனாவால் பெயர் பெயராகச் சரிபார்த்தோம். அது சில நூறு பேர். அங்கே இரண்டு லட்சம்.

2010இல் மக்கள் வாக்கெடுப்பில் விதி மாறியது. முன்பு பட்ஜெட்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், இப்போது சாதாரணப் பெரும்பான்மை போதும். ஜூன் 15க்குள் நிறைவேற்றாவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் உறுப்பினர்களின் சம்பளம் போகும், பிறகும் திரும்பாது. அதற்குப்பின் ஊழியர் சம்பளம் தொங்கும் அளவுக்கு இழுபறி வரவில்லை. மகளை நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள். ஆனாலும் மூன்று மாதச் செலவுக்குக் கையில் ரொக்கம் இருக்கட்டும்.

பொங்கோல் தம்பி: அங்கே சம்பளத்துக்குப் பதில் கடன் சீட்டு கொடுத்தார்கள் என்று படித்தேன்.

பதில்: பாதி சரி. 2009 ஜூலையில் ‘பிறகு தருகிறோம்’ என்று 3.75 விழுக்காடு வட்டியோடு சீட்டு கொடுத்தார்கள். அது நிஜமாகவே காசு தட்டிப்போன வருடம். ஆனால் சீட்டு போனது வரி திரும்பப் பெறவேண்டியவர்கள், பொருள் விற்றவர்கள் போன்றவர்களுக்கு. ஊழியர்களுக்கு வேறு அடி: மாதத்தில் மூன்று வெள்ளிக்கிழமை சம்பளமில்லாக் கட்டாய விடுப்பு. என் தங்கை மகன் அப்போது சாக்ரமெண்டோவில் இருந்தான். ‘மாமா, வெள்ளிக்கிழமை வீட்டில்தான் இருக்கிறேன், ஆனால் வெளியே போகக் காசில்லை’ என்றான். கணக்குப் பார்த்தால் சம்பளத்தில் ஏறக்குறைய 14 விழுக்காடு.

ஜூரோங் வாசகர்: பட்ஜெட் நிறைவேறாமல் அரசாங்கம் மூடினால் அமெரிக்க விசா நேர்காணல் நடக்குமா?

பதில்: அது மத்திய அரசு. தூதரகத்தின் அறிவிப்பைப் பாருங்கள்.

ஈசூன் வாசகர்: விமான நிலையப் பாதுகாப்பு ஊழியர்கள் சம்பளமில்லாமல் வேலை செய்தார்களே?

பதில்: மத்திய அரசு. 2018–19இல் 35 நாள், 2025இல் 43 நாள் மூடிக்கிடந்தது. முதல் பத்தியில் சொல்லியிருக்கிறேன்.

தெம்பனிஸ் வாசகர்: அமெரிக்க ராணுவத்துக்கு…

பதில்: மத்திய அரசு!

உட்லண்ட்ஸ் ஆசிரியை: பட்ஜெட் இல்லாமலே ஒரு மாநிலம் இரண்டு வருடம் ஓடியதாமே? எப்படிச் சம்பளம் கொடுத்தார்கள்?

பதில்: இல்லினாய், 2015 முதல் 2017 வரை. ஆளுநர் புரூஸ் ரௌனருக்கும் அவைத்தலைவர் மைக்கேல் மேடிகனுக்கும் ஒத்துவரவில்லை. ஊழியர் சம்பளத்தை நீதிமன்ற உத்தரவு காப்பாற்றியது. மாட்டிக்கொண்டது பல்கலைக்கழகங்களும் சமூகசேவை அமைப்புகளும். லாட்டரியில் பெரிய பரிசு அடித்தவர்களுக்குக்கூடப் பணம் தர முடியவில்லை. சம்பளம் நின்றிருந்தால் இரண்டு மாதத்தில் முடிந்திருக்கும் சண்டை என்பது என் எண்ணம். வலி ஊழியருக்குத் தெரியாததால் இரண்டு வருடம் இழுத்தார்கள்.

ஜோகூர் பாருவிலிருந்து தினம் பாலம் தாண்டி வருபவர்: என் மனைவி அங்கே அரசுப் பள்ளி ஆசிரியை. 2020இல் பயந்துபோனோம்.

பதில்: நியாயமான பயம். அந்த டிசம்பர் 15 அன்று மலேசிய நாடாளுமன்றத்தில் பட்ஜெட் கடைசிக் கட்ட வாக்கெடுப்பில் 111க்கு 108 என்று மயிரிழையில் தப்பியது. நாடாளுமன்ற முறையில் பட்ஜெட் தோற்றால் அரசே கவிழும் என்பதுதான் மரபு. அதனால்தான் அங்கே இழுபறி வாரக்கணக்கில் நீளாது. மூன்று மாத ரொக்கம் உங்களுக்கும் பொருந்தும்.

அங் மோ கியோ வாசகர்: 2020இல் இங்கே நம் அரசாங்க ஊழியருக்கு அரையாண்டு போனஸ் இல்லை. அதுவும் இதுபோலத்தானே?

பதில்: இல்லை. அது கொவிட் நேரத்தில் அரசாங்கம் எடுத்த முடிவு. யாரும் யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை.

புக்கிட் பாத்தோக் ஐயா: சிங்கப்பூரில் இது நடக்கவே நடக்காது என்று சொல்லாதீர்கள். அதிபர் கையெழுத்துப் போட மறுத்தால்?

பதில்: ஐயா, நான் அப்படிச் சொல்லவில்லை. சட்டம் அதற்கும் வழி வைத்திருக்கிறது. நம் நிதியாண்டு ஏப்ரல் 1. பிப்ரவரியில் பட்ஜெட், பிறகு அமைச்சு அமைச்சாக விவாதம், மார்ச்சில் செலவு மசோதா. அந்த மசோதா முந்தைய அரசாங்கங்கள் சேர்த்துவைத்த நிதியிருப்பில் கைவைக்கும் என்று அதிபர் கருதினால் ஒப்புதல் தர மறுக்கலாம். அதிபர் ஆலோசகர் மன்றத்தின் பரிந்துரைக்கு மாறாக மறுத்திருந்தால், நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு அதை மீறலாம். இதுவரை எந்த அதிபரும் செலவு மசோதாவை மறுத்ததில்லை. 2009இலும் 2020இலும் நிதியிருப்பை எடுக்க அதிபர்கள் ஒப்புதல்தான் தந்தார்கள்.

அதே ஐயா: அதாவது ஆலோசகர் மன்றமும் அதிபரோடு நின்றால் சம்பளம் அம்போ!

பதில்: அம்போ இல்லை. அந்த மறுப்பு மீறப்படாமல் 30 நாள் போனால், ஒவ்வொரு சேவைக்கும் போன வருடம் ஒதுக்கிய தொகைக்கு மேல் போகாமல் செலவு செய்ய நாடாளுமன்றம் தீர்மானம் போடலாம். அமெரிக்க மாநிலங்களில் பட்ஜெட் இல்லை என்றால் பல இடங்களில் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். இங்கே போன வருடத்திலிருந்து ஆரம்பம். எவ்வளவு பெரிய வித்தியாசம் பாருங்கள்.

தேக்கா கோப்பிக்கடை நண்பர்: புக்கிட் பாத்தோக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. போன வருடத் தொகை என்றால் இந்த வருடச் சம்பள உயர்வு?

பதில்: அந்த உச்சவரம்புக்குள் அடங்கவேண்டும். வேறு செலவைக் குறைத்துத்தான் கொடுக்க முடியும். பயிற்சி, பயணம், புதுத் தளவாடம் எல்லாம் முதலில் வெட்டுப்படும். சம்பளப் பிரிவில் இருந்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

கிளமெண்டி வாசகர்: புதுச்சேரியில் என் அண்ணனுக்குச் சம்பளம் தாமதமாகிறது…

பதில்: எனக்கு அந்த ஊர்க் கணக்கு பழக்கமில்லை. அண்ணனின் ஊழியர் சங்கத்தைக் கேளுங்கள். மூன்று மாத ரொக்கம்.

புக்கிட் பாத்தோக் ஐயா: விடமாட்டேன். போன வருடம் இல்லாத ஒரு சேவையை இந்த வருடம் புதிதாகத் தொடங்கி ஆள் எடுத்திருந்தால்?

பதில்: ஐயா, இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். சட்ட வரியை அப்படியே எடுத்துக்கொண்டால், அந்தச் சேவைக்குப் போன வருடத் தொகை பூஜ்யம். அங்கே சேர்ந்த பையனுக்குச் சம்பளம் போட நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது இருப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். இந்த ஒரு புள்ளி உங்களுக்கு.