அந்நிய முதலீடு வெளியேறினால் மகளின் வேலையும் போய்விடுமா?

கேள்வி: என் மகள் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கேம்பஸ் இன்டர்வியூவில் சென்னையில் ஒரு வெளிநாட்டு வங்கியின் கஸ்டடி பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. ‘அந்நிய முதலீட்டாளர்கள் பங்குகளை விற்றுத் தள்ளுகிறார்கள்’ என்று அடிக்கடி செய்தி வருகிறது. அவர்கள் போய்விட்டால் இவள் வேலையும் போய்விடாதா? வங்கித் தேர்வுக்குப் படி என்றால் காதில் வாங்க மாட்டேன் என்கிறாள். நான் தனியார் கம்பெனியில் சூப்பர்வைசர். ஷேர் மார்க்கெட் பக்கமே போனதில்லை. (திருச்சியிலிருந்து ஒரு தந்தை)

பதில்:

ஐயா, ஷேர் மார்க்கெட் பக்கமே போனதில்லை என்கிறீர்கள். ஆனால் உங்கள் பணம் போயிருக்கிறது. 2015 ஆகஸ்ட் முதல் பி.எஃப். நிறுவனம் தன்னிடம் புதிதாக வந்து சேரும் தொகையில் ஒரு பகுதியை இ.டி.எஃப். (சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் நிதி) வழியாகப் பங்குகளில் போட்டு வருகிறது. எல்.ஐ.சி. பாலிசி எடுத்திருந்தால் அங்கேயும் இதே கதைதான். நாட்டிலேயே பெரிய உள்நாட்டு நிறுவன முதலீட்டாளர் எல்.ஐ.சி.தான். இப்படிப் பலரின் பணத்தைத் திரட்டி மொத்தமாக முதலீடு செய்பவர்களைத்தான் நிறுவன முதலீட்டாளர்கள் என்கிறோம். நார்வே அரசின் எண்ணெய்ப் பண நிதி, கனடாவின் ஓய்வூதிய நிதிகள், சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான ஜி.ஐ.சி. எல்லாம் இதே வகைதான். ஒரே வித்தியாசம், அது அந்த ஊர்க்காரர்களின் பணம். ஆகவே மகள் போகவிருப்பது சூதாட்ட விடுதிக்கு அல்ல. யாரோ ஒருவரின் ஓய்வூதியத்துக்குக் கணக்கெழுதும் இடத்துக்கு.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். அதில் பாதி நியாயம்.

1992 செப்டம்பரில்தான் இந்தியப் பங்குச்சந்தையின் கதவு அந்நிய நிறுவன முதலீட்டாளர்களுக்குத் திறந்தது. அன்று முதல் வருவதும் போவதும் நடந்துகொண்டேதான் இருக்கிறது. போவதற்குக் காரணம் பல சமயம் இங்கே இருக்காது. 2013 மே மாதம் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் பென் பெர்னான்கி, பணம் புழக்கத்தில் விடுவதைக் குறைக்கப்போவதாக லேசாகக் குறிப்புக் காட்டினார். அவ்வளவுதான், இந்தியா, இந்தோனேசியா, பிரேசில், துருக்கி என்று வளரும் சந்தைகள் எல்லாவற்றிலிருந்தும் பணம் கிளம்பியது. 55 ரூபாய் அளவில் இருந்த டாலர் ஆகஸ்ட் இறுதிக்குள் 68-ஐத் தாண்டியது. அந்தக் காலத்தில் அவர்கள் விற்றால் எதிர்ப்பக்கம் நின்று வாங்க இங்கே பெரிதாக ஆள் இல்லை.

2024 அக்டோபரில் நிலைமை வேறு. அந்த ஒரே மாதத்தில் அவர்கள் 90,000 கோடி ரூபாய்க்கு மேல் பங்குகளை விற்றார்கள். பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடான நிஃப்டி சுமார் 6 சதவீதம் இறங்கியது; வலிதான், ஆனால் சரிந்து விழவில்லை. மியூச்சுவல் ஃபண்டுகளும் காப்பீட்டு நிறுவனங்களும் சேர்ந்து ஒரு லட்சம் கோடிக்கு மேல் வாங்கிப்போட்டன. எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் தவணை) வழியாக மாதம் 25,000 கோடிக்கு மேல் பணம் வர ஆரம்பித்ததும் அதே மாதம்தான். 2025 மார்ச் காலாண்டில் தேசியப் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் உள்நாட்டு நிறுவனங்களின் பங்கு, வெளிநாட்டினரின் பங்கை முந்திவிட்டது. செய்தியில் ‘வெளியேறினார்கள்’ என்ற பாதிதான் வருகிறது. யார் வாங்கினார்கள் என்ற மறுபாதியையும் சேர்த்துப் படிக்க உங்கள் மகளுக்கு இப்போதே பழக்கிவிடுங்கள்.

சரி, வேலைக்கு என்ன ஆகும்? கஸ்டோடியன் என்பவர் பங்குகளைப் பத்திரமாக வைத்துக் கணக்குப் பார்ப்பவர். வெளிநாட்டு நிதி ஒன்று, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு செய்வதே இவர் வழியாகத்தான். வாங்கினாலும் கட்டணம் உண்டு, விற்றாலும் உண்டு. விற்றுத்தள்ளும் மாதத்தில் அந்த மாடியில் விளக்கு இன்னும் தாமதமாகத்தான் அணையும். இன்னொன்று, சென்னையில் இருக்கும் இத்தகைய அலுவலகங்கள் பலவும் இந்தியாவில் முதலீடு செய்யும் நிதிகளுக்கு மட்டும் வேலை பார்ப்பதில்லை. நியூயார்க்கில் வாங்கி லண்டனில் விற்கும் நிதிகளின் கணக்கும் இங்கேதான் முடிகிறது. அவர்கள் இந்தியாவில் விற்றார்களா என்பதற்கும் உங்கள் மகளின் நாற்காலிக்கும் நேரடித் தொடர்பு குறைவு.

பயப்பட வேண்டிய இடம் வேறு. இந்த அலுவலகங்களில் புதிதாகச் சேரும் பி.காம். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தருவது ரெக்கன்சிலியேஷன்: நிதியின் கணக்கில் 10,000 பங்கு, வங்கியின் கணக்கில் 9,800 பங்கு என்றால் அந்த 200 எங்கே போனது என்று தேடுவது. போனஸ் பங்கு வந்ததா, நேற்று விற்றதன் கணக்கு இன்னும் தீரவில்லையா என்று பார்த்து, கட்-ஆஃப் நேரத்துக்குள் என்.ஏ.வி. (நிதியின் ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பு) போட்டு அனுப்ப வேண்டும். நல்ல பயிற்சிதான், ஆனால் இதில் பெரும்பகுதியை மென்பொருள் பார்க்கத் தொடங்கிவிட்டது. ஐந்து வருடம் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் ஆபத்து அவளுக்கு வாஷிங்டனிலிருந்து வராது, அடுத்த மேசையில் இருக்கும் கணினியிலிருந்து வரும். என் கருத்து: வேலையில் சேரட்டும், இரண்டு வருடத்துக்குள் அடுத்த படிக்கு நகரட்டும்.

அடுத்த படி எது? இரண்டு வழிகளை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, கே.ஒய்.சி. மற்றும் கம்ப்ளையன்ஸ், அதாவது வாடிக்கையாளர் யார் என்று சரிபார்ப்பதும் விதிப்படி நடக்கிறதா என்று பார்ப்பதும். பெயர் சப்பென்று இருக்கிறதே என்று பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள். மொரீஷியஸிலோ லக்ஸம்பர்க்கிலோ பதிவான ஒரு நிதியின் உண்மையான சொந்தக்காரர் யார் என்று தோண்டிப் பார்க்கும் வேலை இது. ஒரே குழுமத்தின் பங்குகளில் தன் இந்திய முதலீட்டில் பாதிக்கு மேல் வைத்திருக்கும் வெளிநாட்டு நிதிகள், தங்கள் பின்னால் இருப்பவர்கள் வரை விவரம் தர வேண்டும் என்று 2023-ல் செபி விதி போட்டது. விதி கூடக்கூட இந்த வேலைக்கு ஆள் தேவையும் கூடும்.

இன்னொன்று, கம்பெனி நிர்வாகத்தைக் கேள்வி கேட்கும் பக்கம். எனக்குப் பிடித்ததும் இதுதான். உதாரணத்துக்குச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டையே எடுத்துக்கொள்வோம். அதன் தாய் நிறுவனம் ஐஷர் மோட்டார்ஸ். 2021 ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநர் சித்தார்த்த லாலை மறுபடி நியமிக்கும் தீர்மானம், புதிய சம்பள வரம்போடு சேர்ந்து ஓட்டுக்கு வந்தது. சிறப்புத் தீர்மானம் என்பதால் 75 சதவீதம் வேண்டும். கிடைத்தது சுமார் 73. தோற்றது! புரமோட்டர்கள் (நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் உரிமையாளர் தரப்பு) கையில் மட்டுமே பாதியை ஒட்டிப் பங்கு இருந்தும் தோற்றது என்றால், எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் பெரும்பாலும் நிறுவன முதலீட்டாளர்கள்தான் என்று கணக்கே சொல்லிவிடும். ஆள் மீது அவர்களுக்கு மனத்தாங்கல் இல்லை. சம்பள உச்சவரம்புதான் உறுத்தியது. நிறுவனம் அந்த வரம்பைப் பாதியாக, லாபத்தில் 1.5 சதவீதமாகக் குறைத்து மறுபடி கொண்டுவந்தபோது நிறைவேறியது. அந்தத் தீர்மானத்தின் அடிக்குறிப்பு வரை படித்து ‘இதற்கு வேண்டாம் என்று போடுங்கள்’ என்று நிதிகளுக்கு எழுதிக் கொடுக்கத் தனியாக ஆலோசனை நிறுவனங்கள் இருக்கின்றன. மியூச்சுவல் ஃபண்டுகள் ஓட்டுப் போட்டே ஆக வேண்டும் என்று செபி கட்டாயமாக்கிவிட்டதால் அவற்றுக்கு வேலை கூடியிருக்கிறது. பி.காம். படித்து, ஆண்டறிக்கையை அலுக்காமல் படிக்கத் தெரிந்த பெண்ணுக்கு இது தோதான இடம்.

அதற்கு இப்போதே ஒரு பயிற்சி சொல்லுங்கள், செலவு ஒரு பைசா இல்லை. பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனமும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பங்குதாரர் விவரத்தைப் பங்குச்சந்தையின் தளத்தில் போடுகிறது. டி.வி.எஸ். மோட்டார், எம்.ஆர்.எஃப். போல மகளுக்குப் பெயர் தெரிந்த இரண்டு நிறுவனங்களை எடுத்து, புரமோட்டர், வெளிநாட்டு நிதி, மியூச்சுவல் ஃபண்ட், எல்.ஐ.சி. யாரிடம் எவ்வளவு என்று நான்கு காலாண்டுகளுக்கு எக்செல்லில் போடட்டும். யார் குறைத்தார்கள், ஏன் என்று அரைப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதட்டும். அந்த அரைப் பக்கத்தை எழுதத் திணறினால், படிக்க வேண்டியது என்ன என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

சான்றிதழ் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். செபி அமைத்த பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் தேர்வுகளில் செக்யூரிட்டீஸ் ஆபரேஷன்ஸ் தாளை முதலில் எழுதலாம், ரிசர்ச் அனலிஸ்ட் தாளைப் பிறகு. செலவு கையைக் கடிக்காது. முதலீட்டு ஆய்வுக்கான சர்வதேசச் சான்றிதழான சி.எஃப்.ஏ.வுக்கு மூன்று நிலைகள். ஒரு நிலைக்கே லட்ச ரூபாயை ஒட்டி ஆகும். அதைச் சொந்தச் சம்பளத்தில் எழுதட்டும்; அப்போதுதான் படிப்பிலும் கவனம் இருக்கும். ‘மூன்று மாதத்தில் டிரேடர் ஆகலாம்’ என்று பேனர் கட்டும் பயிற்சி மையங்களுக்கு மட்டும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். இந்தத் துறைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வங்கித் தேர்வு எங்கும் ஓடிவிடாது. ஐ.பி.பி.எஸ். அதிகாரி தேர்வுக்குப் பொதுப் பிரிவில் 30 வயது வரை நேரம் இருக்கிறது. செபியின் கிரேடு ஏ அதிகாரி வேலையும் மனதில் இருக்கட்டும். அதற்குப் பி.காம். மட்டும் போதாது, முதுகலையோ, சட்டமோ, சி.ஏ., சி.எஃப்.ஏ. போன்றதோ வேண்டும். கஸ்டடி அனுபவத்தோடு அந்த நேர்முகத்தில் உட்கார்ந்தால் பேச விஷயம் இருக்கும்.

கையெழுத்துப் போடும் முன் ஹெச்.ஆரிடம் மகளையே நான்கு கேள்வி கேட்கச் சொல்லுங்கள், நீங்கள் போன் செய்ய வேண்டாம். எந்த ஊர் நிதிகளுக்கான வேலை? அமெரிக்கா என்றால் இரவு ஷிஃப்ட் வரும். வீட்டு வாசல் வரை கேப் உண்டா? ஒரு டீமிலிருந்து இன்னொன்றுக்கு மாற எத்தனை மாதம் ஆக வேண்டும்? இத்தனை காலம் வேலையை விடக் கூடாது என்ற பாண்ட் இருக்கிறதா? மூன்றாவதற்கு 12 முதல் 18 மாதம் என்று பதில் வந்தால் நல்லது. நான்காவதற்கு ‘ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடுத்துவிட வேண்டும்’ என்று யாராவது சொன்னால் அந்த வேலையே வேண்டாம், வங்கித் தேர்வு விண்ணப்பத்தை எடுங்கள்.